இடிகல் இருக்கிற வீட்டுக்குப் பூண்டு நசுக்கி எதற்கு?

பூண்டு நசுக்கியில் எது நல்லது என்று இணையத்தில் தேடினால் வந்து விழுகிற மதிப்புரைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உட்கார்ந்து எழுதியவை. அங்கே கேள்வி ஒன்றுதான்: பூண்டைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்குவதா, நசுக்கியில் போட்டு அழுத்துவதா? ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ குடியிருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. நாம் பூண்டை முழுப் பல்லாகப் போடுவோம், தட்டிப் போடுவோம், அரைத்துப் போடுவோம். பொடியாக நறுக்குவது அபூர்வம். ஆக, நசுக்கிக்கு இங்கே போட்டி கத்தி கிடையாது. போட்டி இடிகல்தான், மலாய்க்காரர்கள் பத்து லெசுங் என்று சொல்கிற அந்தச் சின்னக் கல்லுரல். இடிகல் செய்கிற வேலையில் எந்தப் பங்கை நசுக்கியிடம் ஒப்படைக்கலாம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் எதை வாங்குவது என்ற குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும். வேலையைத் தீர்மானிக்காமல் பொருளைத் தேடப் போவதால்தான் பல வீடுகளில் இழுப்பறையின் அடியில் ஒரு நசுக்கி பிசுபிசுத்துக் கிடக்கிறது.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளோடு பேராக்கில் காலூன்றிய ரப்பர், பிறகு மாநிலம் நெடுகத் தோட்டங்களாகப் பரவியது. அந்தத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் சமையல் நடந்தது விறகடுப்பில். அரைப்பு நடந்தது பின்கட்டுத் தரையில் கிடந்த அம்மியில். இருட்டோடு பெரட்டுக்கு ஆள் கூடுமுன் சோறும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அரைக்கிற சத்தமும் இடிக்கிற சத்தமும் கேட்கும் என்பதால் யாருடைய சத்தமும் யாருக்கும் தொல்லையில்லை. 1950களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, ஆட்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தார்கள். அம்மி பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது. கூடவே வந்தது இடிகல். அதன் இடம் இப்போது மூன்றாவது மாடியோ நான்காவது மாடியோ, ஓடு பதித்த ஒடுக்கமான மேடை. அங்கே இரவு 9 மணிக்கு நாலு பல் பூண்டை இடித்தால் அந்த அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். கல்லுக்கு அடியில் துணியை மடித்துப் போடலாம் என்பார்கள். போடலாம், சத்தம் குறையும்; ஆனாலும் நாலைந்து கிலோ கல்லை இறக்கி, இடித்து, கழுவி, ஈரம் காய வைத்து மறுபடி ஏற்றுகிற வேலை அப்படியேதான் இருக்கும். நாலு பல்லுக்கு அவ்வளவு பாடு அதிகம். நசுக்கிக்கு நம் வீட்டில் ஒரு நியாயம் உண்டென்றால் அது இந்த அளவில்தான் இருக்கிறது: இரண்டு பல்லிலிருந்து ஆறு பல் வரை.

இனி சுவைக்கு வருவோம். முழுப் பூண்டுக்குப் பெரிதாக வாசனை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பூண்டுக்குள் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் உடையும்போது இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. அந்தக் காரமும் நெடியும் அதனுடையவை. அல்லிசினை 1944இல் அமெரிக்காவில் கவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்தார்கள். அதற்கு மூலமான அல்லீனை 1948இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோலும் சீபெக்கும் கண்டறிந்தார்கள். சமையலுக்கு இதிலிருந்து கிடைக்கிற விதி எளிமையானது: எவ்வளவு நைய உடைக்கிறோமோ அவ்வளவு காரம். முழுப் பல்லைப் புளிக்குழம்பில் வேக விட்டால் சூடு அந்த நொதியை முதலில் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதனால்தான் குழம்புப் பூண்டு வெண்ணெயாக வெந்து இனிக்கிறது. கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் நடுத்தரக் காரம். அம்மியில் அரைத்தாலும் நசுக்கியின் துளை வழியாகப் பிதுக்கினாலும் உச்சக் காரம். அந்த அளவில் நசுக்கியும் கல்லும் ஒரே கட்சி. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கல் பூண்டோடு மற்றதையும் சேர்த்து அரைக்கும்; நசுக்கிக்குப் பூண்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அதனால் ரசத்துக்கு நசுக்கியை எடுக்கவே வேண்டாம். மிளகும் சீரகமும் பூண்டும் ஒன்றாக இடிபட்டு, ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் ஏறினால்தான் அது ரசம். சம்பலுக்கும் அப்படியே; மிளகாயோடு சேர்ந்து மசியாத பூண்டு தனியாக நிற்கும். தாளிப்புக்கு நசுக்கிய பூண்டு கெடுதலே செய்யும். நைந்த பூண்டு சூடான எண்ணெயில் விழுந்த சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும், அதன் துணுக்குகள் அவ்வளவு சின்னவை. கங்கோங் பிரட்டலுக்குக்கூட எண்ணெய் காயுமுன் போட வேண்டும், இல்லாவிட்டால் தட்டின பூண்டே மேல். பின் எதற்குத்தான் நசுக்கி? மீனுக்கும் கோழிக்கும் மசாலா பூசி ஊற வைக்கும்போது, தயிர்ப் பச்சடிக்கு, வடை மாவுக்கு, வெந்துகொண்டிருக்கிற பருப்பில் கடைசியாகச் சேர்க்க, கோழிச் சோற்றுக்கு மிளகாய்ச் சாறு கலக்கும்போது. எல்லாமே கொஞ்சம் பூண்டு, நைசாக, திப்பியில்லாமல் வேண்டிய இடங்கள். பச்சையாகச் சேர்க்கிற இடத்தில் காரம் அடங்க வேண்டுமானால் நேராக எலுமிச்சைச் சாற்றுக்குள் பிதுக்கி விடுங்கள். புளிப்பு அந்த நொதியைக் கட்டிப் போடும்.

இந்தக் கருவியை அடியோடு மறுக்கிறவர்கள் உண்டு. அவர்களில் பெரிய பெயர் ஆங்கிலச் சமையல் எழுத்தாளர் எலிசபெத் டேவிட். பூண்டு நசுக்கி முழுக்கப் பயனற்றது என்று 1986இல் அதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். பூண்டின் சதையை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் பிழிந்து காரத்தைக் கூட்டிவிடுகிறது என்பது அந்த அணியின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. மேலே சொன்ன வேதியியலும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அவர் நினைவில் இருந்தது பிரஞ்சுச் சமையலும் இத்தாலியச் சமையலும். அங்கே வெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் பூண்டு மெதுவாகத் தலைகாட்ட வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சோம்பு, இஞ்சி எல்லாம் குழைத்துப் பூசி ஊற வைக்கிற ஒரு கெம்போங் மீனுக்குப் பூண்டு அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? சதை மிஞ்சுகிறது என்ற குறையும் பாதி கருவியின் குறைதான். மோசமாகச் செய்த நசுக்கி சாற்றைத் துப்பிவிட்டுச் சக்கையை வைத்துக்கொள்ளும், நன்றாகச் செய்தது சக்கையையும் தள்ளும். ஆகவே அவருடைய மறுப்பை வாங்கக் கூடாது என்பதற்கான காரணமாக எடுக்காமல், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும், அதுதான் கனமானது. ஞாயிற்றுக்கிழமை இஞ்சி பூண்டை பிளெண்டரில் அரைத்துப் போத்தலில் வைத்துவிட்டால் வாரம் முழுக்கக் கவலையில்லையே, நசுக்கி எதற்கு? பெரிய குடும்பத்துக்கு, தினமும் கறி வைக்கிற வீட்டுக்கு, இது சரியான வாதம். அவர்கள் நசுக்கி வாங்க வேண்டாம். மற்றவர்களுக்கு இரண்டு தடைகள். அல்லிசின் நிலைத்து நிற்கிற பொருளில்லை. நாளாக நாளாக உடைந்து வேறு கந்தகச் சேர்மங்களாகிவிடும், போத்தலில் மிஞ்சுவது பழைய நெடி. இரண்டாவது, பாதுகாப்பு. கெடாமலிருக்க மேலே எண்ணெய் ஊற்றி வெளியே வைக்கிற பழக்கம் ஆபத்தானது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில்தான் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்குகிற கிருமி வளரும். 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டால் 36 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள். நம் ஊர் வெப்பத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அரைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் முடியுங்கள், அல்லது உறைய வையுங்கள். வேண்டும்போது வேண்டிய அளவு நசுக்குவது இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது. நாலு பல்லை பிளெண்டரில் அரைக்கலாமே என்று கேட்டால், பிளெண்டரின் கத்திக்கு நாலு பல் எட்டாது. சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும், வழிக்குக் கொண்டுவரத் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். கயிற்றை இழுத்துச் சுழற்றுகிற கிண்ணங்கள் பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை வெட்டும், நசுக்காது.

சரி, எதை வாங்குவது? பாக்குவெட்டியைக் கையில் எடுத்தால் நசுக்கியின் இயந்திரவியல் முழுவதும் புரியும். ஒரு முனையில் ஆணி, அதையொட்டிப் பாக்கு, மறுமுனையில் கை. ஆணியிலிருந்து கை எவ்வளவு தூரமோ, அதைப் பூண்டு இருக்கிற தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு விசை கிடைக்கும் என்று தெரிந்துவிடும். பூண்டுக் கிண்ணம் ஆணியிலிருந்து 3 செண்டிமீட்டரிலும் கை 15 செண்டிமீட்டரிலும் இருந்தால் 5 மடங்கு. கைப்பிடி குட்டையாகி 10 செண்டிமீட்டர் ஆனால் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கடையில் பார்க்க அழகாக, அடக்கமாக இருக்கிற குட்டை நசுக்கிகள் கையை நோகடிப்பதற்குக் காரணம் இதுவே. கிண்ணத்தின் அளவும் இதோடு சேர்ந்தது. பெரிய கிண்ணம் என்றால் ஒரே தடவையில் மூன்று பல் போடலாம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் அதே விசை பெரிய பரப்பில் பரவும்போது அழுத்தம் குறைந்துவிடும். பரப்பு இரட்டிப்பானால் அழுத்தம் பாதி. நீளக் கைப்பிடி இல்லாத பெரிய கிண்ணம் வெறும் கவர்ச்சி. ஒரு பெரிய சீனப் பூண்டுப் பல் படுக்கையாக அடங்குகிற கிண்ணமும், உள்ளங்கை முழுதாகப் பிடிக்க இடம் தருகிற கைப்பிடியும் போதும்.

அதற்கடுத்தது இடைவெளி. அழுத்துகிற கட்டை துளைத் தகட்டை முழுக்கத் தொட வேண்டும், ஓரச் சுவரையும் உரசினாற்போல இறங்க வேண்டும். இடைவெளி இருந்தால் பூண்டு துளை வழியாகப் போகாமல் பக்கவாட்டில் பிதுங்கி மேலே ஏறும். எலிசபெத் டேவிட் வெறுத்த சக்கை அதுதான். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ரசீதையோ வேறு தாளையோ இரண்டாக மடித்துத் துளைத் தகட்டின்மேல் வைத்து நசுக்கியை மூடுங்கள். மூடிய நிலையில் தாளை இழுத்தால் சுலபமாக உருவிக்கொண்டு வரக் கூடாது. பிறகு கைப்பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே ஆணி ஆடினால் ஆறு மாதத்தில் கட்டை கோணிப்போகும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் துளைகள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றனவா, பிசிறு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

உலோகத்தில்தான் ஏமாறுவது அதிகம். கனமாக இருந்தால் எவர்சில்வர், நீடித்து உழைக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மலிவு நசுக்கிகளில் நிறைய துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் முலாம் பூசியவை. துத்தநாகக் கலவையின் அடர்த்தி எஃகுக்குப் பக்கத்தில் வருவதால் எடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. காந்தமும் உதவாது, நல்ல எவர்சில்வரில் பெரும்பாலானதும் காந்தத்தில் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. முலாம் இருப்பது மூலைகளில் தெரியும். வார்த்த பொருளின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருக்கும், துளைக்குள் பார்த்தால் பூச்சு ஏறியும் ஏறாமலும் இருக்கும். அங்கிருந்துதான் உரியத் தொடங்கும், உரிந்தது பச்சடிக்குள் போகும். அலுமினியம் இலகுவானது, அந்தக் காரணத்தாலேயே பலருக்குப் பிடிக்கும். ஆனால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கறுத்துப்போகும், புளிப்பு நெடுநேரம் பட்டாலும் மங்கும். கழுவாமல் ஊறப் போடுகிற வீட்டுக்கு அது சரிப்படாது. எவர்சில்வர் விலை கூடுதல்தான். ஆனால் ஒரு தடவை வாங்கினால் போதும். இடையில் ஒரு விஷயம்: எலுமிச்சையில் போட்ட பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் நசுக்கியின் உலோகத்தைச் சந்தேகிக்காதீர்கள். குளிரில் நெடுநாள் வைத்த பூண்டில் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் சேர்ந்து அப்படி நிறம் காட்டும். நம் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து குளிர்சேமிப்பில் வருவது என்பதால் இங்கே அது நடக்கக் கூடியதே. சாப்பிடக் கெடுதல் இல்லை.

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது கழுவுவதை. நல்ல நசுக்கியும் இழுப்பறைக்குப் போவது இதனால்தான். பூண்டுச் சாறு காய்ந்தால் பசை. துளைக்குள் காய்ந்தால் ஊசி கொண்டு குத்த வேண்டும். இடிகல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் முடிந்துவிடும். அதைவிடக் கழுவக் கடினமான ஒன்றை யாரும் நெடுநாள் பயன்படுத்த மாட்டார்கள். சந்தையில் மூன்று வகை உண்டு. துளைத் தகடு உடம்போடு பிறந்து, கைப்பிடியின் பின்புறத்தில் முட்கள் உள்ளது முதல் வகை. கைப்பிடியைப் புரட்டினால் முட்கள் துளையைக் குத்திச் சுத்தம் செய்யும் என்பார்கள். சக்கை மறுபடி கிண்ணத்துக்குள்ளேதான் விழும், விரலை விட்டு எடுக்க வேண்டும். தனியாகக் கழற்றும் சல்லடை உள்ளது இரண்டாவது. நன்றாகக் கழுவலாம், ஆனால் அந்தச் சின்னச் சல்லடை ஒரு நாள் குப்பையோடு போய்விடும். சல்லடை ஆணியில் மாட்டி வெளியே மடங்குவது மூன்றாவது. இரண்டு பக்கமும் குழாயடியில் காட்டலாம், தொலையவும் வழியில்லை. சந்தேகமில்லாமல் மூன்றாவதை எடுங்கள். எந்த வகையானாலும் பூண்டை வழித்த கையோடு குழாயில் பிடித்துவிட வேண்டும்.

தோலோடு போடலாம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போடலாம், பூண்டு வரும்; தோலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வீணாகும், ஒவ்வொரு பல்லுக்கும் தோலைத் தோண்டி எறிய வேண்டும். சீனப் பூண்டுக்கு நுனியைக் கிள்ளி ஒரு தட்டுத் தட்டினால் தோல் கழன்றுவிடும், இந்த வசதியே தேவையில்லை. தோல் இறுகிய இந்தியச் சிறு பூண்டுக்கு வேண்டுமானால் உதவும். ஒற்றைப் பூண்டு வாங்குகிறவர்கள் குறுக்கே வெட்டிப் போடுங்கள், முழுதாகப் போட்டு ஆணியை வளைக்காதீர்கள்.

மருந்தாக நினைத்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூண்டை நசுக்கி 10 நிமிடம் விட்டுவிட்டுச் சமைத்தால் சில நல்ல குணங்கள் சூட்டில் அழியாமல் தங்குகின்றன என்று 2001இல் பென்சில்வேனியாவிலிருந்து சாங், மில்னர் என்ற இருவரின் ஆய்வு வந்தது. அது எலிகளில் செய்த சோதனை. காத்திருப்பதில் நட்டமில்லை, ஆனால் அதற்காக விலை உயர்ந்த கருவி தேவையுமில்லை, கல்லில் தட்டினாலும் அதே அல்லிசின்தான்.

மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு நசுக்கி வாங்கிக் கொடுப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். இடிகல் தோளின் வேலை, நசுக்கி பிடியின் வேலை. விரல்கள் வலிக்கிற அம்மாவுக்கோ பாட்டிக்கோ எவ்வளவு நீளக் கைப்பிடியும் சிரமம்தான். அவர்களுக்கு வளைந்த எவர்சில்வர் தகடு ஒன்று விற்கிறார்கள். பூண்டின்மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கி ஆட்டினால் துளை வழியாக மேலே வரும். விரலைவிட உடம்பின் எடை வேலை செய்கிறது, ஆணியும் இல்லை, கழுவவும் சுலபம். நைசு கொஞ்சம் குறையும், கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை என்று பார்த்தால் 10 வெள்ளிக்குள்ளேயே நசுக்கி கிடைக்கிறது. சுவிஸ், ஜெர்மன் பெயர் போட்டவை 100 வெள்ளியைத் தாண்டும். தாள் சோதனையில் தேறாத ஐரோப்பிய நசுக்கியைவிடத் தேறுகிற சாதாரண எவர்சில்வர் மேல். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் சமைக்கிறவர்களும், இடிகல்லைக் கீழே வைக்க வாகான தரையும் சத்தத்துக்கு அஞ்சாத அண்டை வீடும் உள்ளவர்களும் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இணையத்தில் படம் பார்த்து வாங்காமல் லிட்டில் இந்தியா பாத்திரக் கடைக்கோ பேரங்காடிக்கோ போய்க் கையில் பிடித்து, திறந்து மூடி, ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டி, திறந்து பார்க்க விடாமல் விற்பதை வாங்காதீர்கள்.